கால் ஆணிக்கு வேர் உண்டா?

அரசு மருத்துவமனை மருந்தக ஜன்னலுக்குப் பின்னால் 31 வருடம் நின்றவன் நான். வேலையில் சேர்ந்தபோது எங்களைக் 'கம்பவுண்டர்' என்பார்கள். ஓய்வு பெறும்போது 'மருந்தாளுநர்' ஆகியிருந்தோம். சம்பளத்தைவிடப் பெயர்தான் வேகமாக உயர்ந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும், தெருவில் யாராவது செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டி, "சார், இந்த ஆணியை வேரோட எடுக்க மருந்து ஏதாவது இருக்கா?" என்று கேட்பது நின்றபாடில்லை.

அந்த 'வேரோடு' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. அது நம் ஊர்ச் சொல் மட்டுமல்ல, இரண்டாயிரம் வருடமாக உலகம் முழுக்க இருந்துவரும் சொல்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் 'கால் ஆணி' என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வெவ்வேறு சங்கதிகள். ஒன்று, செருப்போ எலும்போ ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தித் தோல் தடித்துப்போவது. ஆங்கில மருத்துவத்தில் இதற்குக் 'கார்ன்' என்று பெயர். இன்னொன்று உண்மையில் மரு. கையில் வந்தால் பாலுண்ணி என்போமே, அதேதான். பாதத்தில் வரும்போது உடம்பின் எடை அதை உள்ளே அமுக்கிவிடுவதால் வெளியே துருத்தாமல் ஆணி அடித்த மாதிரி தெரிகிறது. இதை 'பிளான்டார் வார்ட்' என்பார்கள். மேல்தோலை லேசாக உரசிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மருவாக இருந்தால் கடுகைவிடச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். அவை உறைந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள். பாதத்தின் ரேகைகள் மருவின் விளிம்போடு நின்றுவிடும். கார்னில் ரேகை அதன் மேலேயே ஓடும். மருவைப் பக்கவாட்டில் இரண்டு விரலால் கிள்ளினால் வலிக்கும், கார்னை நேராக அழுத்தினால்தான் வலிக்கும். பெரும்பாலும் இந்த மூன்றே போதும்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டது நாம் மட்டும் இல்லை. ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்பவர் லத்தீனில் ஒரு மருத்துவ நூல் எழுதினார். அதில் பாதத்தில் வரும் தடிப்புக்கு அவர் சொல்லும் பெயர் 'கிளாவுஸ்'. அதற்கு நேரான அர்த்தம் ஆணி! சுஸ்ருத சம்ஹிதையில் இதே நோய் 'கதரம்' என்ற பெயரில் வருகிறது. பரல் கல் உறுத்தியோ முள் குத்தியோ பாதத்தில் தோன்றும், இலந்தைப் பழ அளவில், முளை அடித்ததுபோலக் கெட்டியான முடிச்சு என்பது அதன் விவரணை. அதை அறுத்தெடுத்து, அந்த இடத்தைச் சூடான எண்ணெயால் சுட வேண்டும் என்பது சிகிச்சை. இந்தியில் இதைக் 'கோக்ரு' என்பார்கள், அதாவது நெருஞ்சி முள். ஜெர்மானியர் பாத மருவுக்கு வைத்த பெயர் 'டோர்ன்வார்ட்ஸே', முள் மரு. சீனர்கள் கார்னைக் கோழிக்கண் என்றும் ஜப்பானியர்கள் மீன்கண் என்றும் சொல்வார்கள். அவர்கள் மட்டும்தான் உள்ளே எதுவும் அடிக்கப்பட்டதாகக் கற்பனை செய்யவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆணி என்று பெயர் வைத்தால் பிடுங்கத் தோன்றும். முள் என்று பெயர் வைத்தால் தோண்டத் தோன்றும். வேர் என்றாலோ, அது முழுதாக வரும்வரை விடக்கூடாது என்று தோன்றும்.

செல்சஸைக் கொஞ்சம் பாராட்டியே ஆகவேண்டும். கிளாவுஸோடு சேர்த்து 'மிர்மேசியா' என்று இன்னொன்றையும் தனியாகச் சொல்கிறார். மிர்மேக்ஸ் என்றால் கிரேக்கத்தில் எறும்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும், அடி அகலம், நுனி சிறுத்தது, வலி அதிகம் என்கிறார். நம் பாத மருவுக்கு இவ்வளவு சரியான வர்ணனை அடுத்து வந்த பல நூற்றாண்டுகளில் கிடையாது. மற்ற வகை மருக்கள் தாமாகவே போய்விடுவதுண்டு, இவை இரண்டும் சிகிச்சை இல்லாமல் அநேகமாகப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். மிர்மேசியாவின் வேர் அகலமானது, வெட்டினால் பெரிய புண்ணாகும் என்று எச்சரித்திருக்கிறார். ஆணியைப் பற்றி அவர் சொன்ன யோசனை, அவ்வப்போது மெதுவாகச் சுரண்டி விடுவது. எங்கள் மருத்துவமனைத் தோல் டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொல்வார்.

ஆனால் சந்தையில் உட்கார்ந்திருந்தவர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு மூலையில் சாக்கை விரித்துப் போட்டு, கால் ஆணி எடுக்கிறேன் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். கத்தியால் கீறி, ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சி, வெள்ளையாக நூல் மாதிரி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "இதுதான் வேர்" என்பார். ஒரு வேருக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரே காலில் ஏழு வேர் எடுத்ததை நானே நின்று பார்த்திருக்கிறேன். அந்த நூல் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் அந்தக் குழலுக்கும்தான் வெளிச்சம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருடச் சர்க்கரை. இடது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே மரு. சந்தைக்காரரிடம் எடுத்துக்கொண்டு வந்து, "வலியே தெரியல தம்பி, நல்லா எடுத்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. பாதத்தைக் கத்தியால் தோண்டி வலிக்கவில்லை என்றால் கத்தி பிடித்தவரின் திறமை அல்ல அது, சர்க்கரையால் நரம்பு மரத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னேன். அவர் பத்து நாள் கழித்து, வீட்டில் வாடை வந்தபிறகுதான் போனார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். கோயிலைச் சுற்றி வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

வேர் என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு விரல் விலை. அதனால்தான் இந்தச் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.

மருவின் சரித்திரத்தில் ரசமான பகுதி மந்திர வைத்தியம். நவீன விஞ்ஞான முறைக்கு வழிகாட்டி என்று சொல்லப்படும் பிரான்சிஸ் பேக்கனே இதில் சாட்சி. பதினாறு வயது வாக்கில் பாரிஸில் இருந்தபோது அவர் கைகளில் நூறு மருக்கள் வந்தனவாம். ஆங்கிலேயத் தூதரின் மனைவி ஒரு பன்றிக்கொழுப்புத் துண்டால் மருக்களைத் தேய்த்து, அந்தத் துண்டைத் தெற்குப் பார்த்த ஜன்னலில் ஆணியில் மாட்டி வைத்தார். வெயிலில் கொழுப்பு உருக உருக, ஐந்து வாரத்தில் எல்லா மருவும் போய்விட்டன. அவர் காலமானபின் 1627இல் வெளிவந்த 'சில்வா சில்வாரம்' நூலில் இதை எழுதியிருக்கிறார். சின்ன வயசிலிருந்து இருந்த ஒரு மருவும் சேர்ந்து போனதுதான் தனக்கு அதிக ஆச்சரியம் என்கிறார்.

நாம் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொள்கிறோம். குதிரைவால் முடியால் கட்டுகிறோம். எருக்கம்பால் வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் 'எனக்குப் போச்சு' என்று சொல்ல ஆள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. 1963இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், விடுதியில் இருந்த குழந்தைகளை இரண்டு வருடம் கவனித்தபோது, ஒன்றும் செய்யாமலேயே மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் மறைந்திருந்தன. எந்த வைத்தியம் கடைசியில் செய்தோமோ அதற்கே பெயர். பாதத்தில், அதுவும் பெரியவர்களுக்கு, இந்த அதிர்ஷ்டம் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. செல்சஸ் சொன்னது இங்கேயும் சரிதான்.

தானாக வருகிறது, தானாகப் போகிறது, கத்தியால் எடுத்தால் திரும்பி வருகிறது. அப்படியானால் இது என்ன? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் டாக்டர்களுக்கு இது ஒட்டுவாரொட்டியோ என்ற சந்தேகம் வலுத்தது. 1891இல் லண்டனில் ஜோசப் பெய்ன் என்ற டாக்டர், ஒரு நோயாளியின் மருவைத் தன் நகத்தால் சுரண்டியபின் தன் கையிலேயே மரு வந்ததை எழுதினார். 1896இல் யோசெஃப் யாடாசோன் என்ற ஜெர்மானியத் தோல் நிபுணர் மருத் துணுக்குகளை வேறு ஆட்களின் தோலில் வைத்து மரு வளர்வதைக் காட்டினார்.

1907இல் இத்தாலியில் ஜியுசெப்பே சூஃபோ செய்ததுதான் முக்கியம். மருவை அரைத்து, அந்தச் சாற்றைப் பெர்க்ஃபெல்ட் வடிகட்டியில் வடித்தார். நம் வீடுகளில் எவர்சில்வர் ஃபில்டருக்குள் வெள்ளை மெழுகுவர்த்தி மாதிரி ஒன்று நிற்குமே, அதற்குச் சொந்தக்காரன்தான் அந்த வடிகட்டி. பாக்டீரியா அதைத் தாண்டாது. தாண்டி வந்த தெளிந்த நீரைத் தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டு காத்திருந்தார். ஒரு வாரம் இல்லை, ஒரு மாதம் இல்லை, சுமார் ஐந்து மாதம் கழித்து மரு வந்தது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று, வைரஸ் என்று இன்று நாம் சொல்வது, இதற்குக் காரணம் என்று முடிவானது.

இந்த ஐந்து மாதத்தைக் கவனியுங்கள். நீச்சல் குளத்தின் ஈரத் தரையிலோ விடுதிக் குளியலறையிலோ மிதித்ததற்கு அரைப் பரீட்சை கழிந்தபின் மரு தெரிந்தால், யார் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்? தொற்று என்று கண்டுபிடிக்க இத்தனை நூற்றாண்டு ஆனதற்கு இந்தத் தாமதம் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

காரணம் தெரிந்ததால் வைத்தியம் உடனே மாறிவிடவில்லை. எங்கள் மருந்தகத்தில் நான் கலந்து கொடுத்தது 1880களின் சரக்குதான். சாலிசிலிக் ஆசிட்டை ஜெர்மனியில் ஹெர்மன் கோல்பே என்ற ரசாயனப் பேராசிரியர் மலிவாகத் தயாரிக்க வழி கண்டபின், 1874 வாக்கில் அது தொழிற்சாலைச் சரக்கானது. ஹாம்பர்க் தோல் மருத்துவர் பவுல் உன்னா அது தடித்த தோலைப் பக்குவமாக இளக்குவதைப் பார்த்து, பையர்ஸ்டோர்ஃப் என்ற மருந்துக்காரரோடு சேர்ந்து அதைப் பிளாஸ்திரியில் ஏற்றினார். அந்தப் பையர்ஸ்டோர்ஃப் கம்பெனிதான் பின்னாளில் நிவியா கிரீமைக் கொண்டுவந்தது. இன்று கடையில் 'கார்ன் கேப்' என்று வாங்குகிறோமே, அந்த வட்டப் பிளாஸ்திரியின் மூதாதை அதுதான்.

நாங்கள் செய்தது கொலோடியன். வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் பாகு மாதிரி வரும். விரிசல் விடாமல் இருக்கக் கொஞ்சம் விளக்கெண்ணெய். அதில் 12 சதவீதம் சாலிசிலிக் ஆசிட். பூசினால் ஈதர் பறந்து, மேலே மெல்லிய தோல் மாதிரி படிந்து, ஆசிட்டை உள்ளேயே வைத்திருக்கும். பாட்டில் மூடியைச் சரியாகப் போடாவிட்டால் மறுநாள் கட்டி. மருந்தகம் முழுக்க அந்த ஈதர் வாசனை. மாலையில் வீட்டுக்குப் போனால் என் மனைவி தள்ளி நின்றுதான் பேசுவாள்.

இதைவிடப் பெரிய ஆயுதங்களும் வந்தன. எக்ஸ்ரே கண்டுபிடித்த உற்சாகத்தில், 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேல்நாடுகளில் பாத மருவுக்கு அந்தக் கதிரைப் பாய்ச்சினார்கள். மரு போன பலருக்கு வருடங்கள் கழித்து அதே இடத்தில் ஆறாத புண் வந்தது. மெதுவாக அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். தீங்கில்லாமல் தானே போகக்கூடிய ஒன்றுக்கு இதைச் செய்ததை நினைத்தால் சந்தைக்காரரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று தோன்றும். குளிர் வைத்தியம் பரவாயில்லை. 1899இல் நியூயார்க்கில் கேம்ப்பெல் ஒயிட் திரவக் காற்றைப் பஞ்சில் தொட்டு மருவில் வைத்தார். பிறகு 1907இல் சிகாகோவில் பியூசி கார்பன் டை ஆக்சைடு பனியைப் பயன்படுத்தினார். 1950இல் ஆலிங்டன் திரவ நைட்ரஜனுக்கு வந்தார். மைனஸ் 196 டிகிரி. இன்று தோல் டாக்டர் ஃபிளாஸ்க்கிலிருந்து புகைய எடுத்து வைப்பது அதுதான்.

2011இல் பிரிட்டனில் இந்த இரண்டையும் மோத விட்டார்கள். பாத மரு உள்ள 240 பேர். பாதிப் பேருக்குத் திரவ நைட்ரஜன், பாதிப் பேருக்கு வீட்டில் பூசிக்கொள்ள 50 சதவீதச் சாலிசிலிக் ஆசிட். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் முழுக்கக் குணமானவர்கள் சுமார் 14 சதவீதம்தான். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. கொலோடியன் தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்குப் பதில் அந்த வேரில்தான் இருக்கிறது. அதாவது, வேர் இல்லாததில். இந்த வைரஸ் மேல்தோலைத் தாண்டிக் கீழே போவதே இல்லை. மேல்தோலின் அடி வரிசைச் செல்களில் குடியேறி, அந்தச் செல்கள் வழக்கம்போல மேலே ஏறி ஏறிச் செத்து உதிரும்போது அவற்றோடு தானும் வெளியேறுகிறது. ரத்தத்தில் கலப்பதில்லை, செல்லை வெடிக்க வைப்பதில்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. வீட்டின் மொட்டை மாடியில் குடியிருப்பவன் மாதிரி. கீழே இருக்கும் காவல்காரனுக்கு, நம் எதிர்ப்புச் சக்திக்கு, மாடியில் ஆள் இருப்பதே தெரியாது. ஆழமாகத் தோண்டுகிறவர் வைரஸ் இல்லாத நல்ல சதையைத்தான் தோண்டுகிறார். சுற்றியுள்ள தோலில் இருக்கும் வைரஸ் மறுபடி வளர்கிறது, 'வேர் விட்டுப்போச்சு' என்று இன்னும் ஆழமாக வெட்டுகிறார்.

ஆசிட்டும் குளிரும் தோலைப் புண்ணாக்கி, காவல்காரன் காதில் சத்தம் போட்டு எழுப்புவதாலும் வேலை செய்கின்றன என்று இப்போது கருதுகிறார்கள். நம் நாட்டு டாக்டர்கள் செய்யும் ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. மருவிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை வெட்டி, அந்த ஆளுடைய முன்கையிலேயே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். சிலருக்குச் சில வாரங்களில் உடம்பு விழித்துக்கொண்டு, காலில் உள்ள அத்தனை மருவும் உதிர்கின்றன. பேக்கனின் கொழுப்புத் துண்டுக்கு அண்ணன் முறை!

இந்தப் பாத மரு இன்னொரு பெரிய காரியத்துக்கும் உதவியது. 1970களில் ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, பெண்களின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மரு வைரஸ்தான் காரணமோ என்று யோசித்தார். இந்த வைரஸைச் சோதனைக் குழாயில் வளர்க்க முடியாது. பாத மருவிலோ அது ஏராளம். அதன் மரபணுப் பொருளை எடுத்து, புற்றுநோய்த் திசுவில் அதற்கு ஜோடி இருக்கிறதா என்று தேடினார். 1974இல் விடை: இல்லை. இன்னொருவராக இருந்தால் விட்டிருப்பார். அவர், மரு வைரஸ் ஒன்றல்ல, ஒரு பெரிய குடும்பமாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு மற்ற உறுப்பினர்களைத் தேடினார். 1983இல் 16ஆம் வகையும் அடுத்த வருடம் 18ஆம் வகையும் புற்றுநோய்த் திசுவில் அகப்பட்டன. 2006இல் தடுப்பூசி வந்தது, 2008இல் அவருக்கு நோபல் பரிசு. இப்போது இந்தியாவிலேயே அந்த ஊசி தயாராகிறது. பேத்திகள் உள்ளவர்கள் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஒன்பது வயதிலிருந்து போடலாம்.

கால் ஆணியோடு வருபவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். சர்க்கரை இருந்தால், கால் மரத்திருந்தால், பிளாஸ்திரியும் வேண்டாம், பிளேடும் வேண்டாம், நேராக டாக்டர். மற்றவர்கள் ராத்திரி வெந்நீரில் காலை ஊறவைத்து, வெளுத்த தோலை உப்புத்தாளால் உரசி, மருவின் மேல் மட்டும் ஆசிட்டைத் தொட்டு வைக்கலாம். மூன்று மாதம் தவறாமல் செய்ய வேண்டும். அந்த உப்புத்தாளை வேறு யாரும் தொடக்கூடாது. அது வைரஸின் வாகனம்.

மரு வைரஸ்களை எண் கொடுத்து வரிசைப்படுத்தியபோது, பாத மருவிலிருந்து எடுத்ததற்குத்தான் முதல் எண் கிடைத்தது. இன்று வகைகள் இருநூறைத் தாண்டிவிட்டன. தடுப்பூசி 16க்கும் 18க்கும் இன்னும் சிலவற்றுக்கும் உண்டு. 1ஆம் எண்ணுக்குக் கிடையாது. அதற்கு இன்னும் உப்புத்தாளும் கொலோடியனும்தான்.